விளையாட்டு முடிந்த பிறகு சாவி யார் கையில்?

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஒரு தலித் இலக்கிய மேடையில் விளையாட்டு அரங்கங்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு கதையைப் படிக்கும்போது அதில் யார் பேசுகிறார்கள், யாருக்குப் பேச்சே தரப்படவில்லை என்று பார்க்க நாம் பழகியிருக்கிறோம். கட்டடத்தையும் அப்படிப் படிக்கலாம். யார் கட்டினார்கள், யார் பணத்தில் கட்டினார்கள், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, இன்று வாயிற்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது. இந்த நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டு நம் ஊரின் அரங்கங்களையும், பிற ஊர்களில் நடந்த பெரும் பன்னாட்டுப் போட்டிகளையும் பார்ப்பதே இன்றைய பேச்சு.

இதை இப்போதே பேச வேண்டும். 2030ஆம் ஆண்டுக் காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டிருக்கிறது. 2036 ஒலிம்பிக்கையும் இந்தியா கேட்டு நிற்கிறது. சென்னையின் தெற்கு எல்லையில், செம்மஞ்சேரியில், நூறு ஏக்கருக்கு மேல் ஓர் உலகளாவிய விளையாட்டு நகரம் அமைக்கும் திட்டத்தை நம் மாநில அரசு அறிவித்திருக்கிறது. அடித்தளம் தோண்டும் முன்பு கேட்கும் கேள்விக்கு இருக்கும் வலிமை, திறப்பு விழாவுக்குப் பிறகு கேட்கும் கேள்விக்கு இருப்பதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விளையாட்டுக்கு எதிராகப் பேச வரவில்லை. நம் பிள்ளைகள் ஓடவும் நீந்தவும் பந்தடிக்கவும் நல்ல இடம் வேண்டும் என்பதற்காகவே பேசுகிறேன்.

பெவிலியனும் மண்குவளையும்

விளையாட்டுக் கட்டடங்களில் ஆடுகளம் எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும். பெவிலியன் அப்படியல்ல. அது உடை மாற்றும் இடம், உணவு உண்ணும் இடம், உட்கார்ந்து பேசும் இடம். யாரோடு யார் உட்காரலாம் என்பதைச் சுவரெழுப்பிச் சொல்லும் கட்டடம் அது.

சேப்பாக்கம் மைதானத்துக்கு 1860களில் வந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையர்களின் சங்கம். அதன் பெவிலியனுக்குள் இந்திய ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. அந்த அவமதிப்பே எம். புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைட்டெட் கிளப்பைத் தொடங்கக் காரணம் என்று சென்னைக் கிரிக்கெட் வரலாற்றில் சொல்லப்படுகிறது. இதைத் தேசிய உணர்வின் கதையாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். ஆனால் அன்று வெளியே நிறுத்தப்பட்டவர்களும் செல்வமும் சாதி மேன்மையும் உள்ளவர்களே. அவர்களுக்கும் வெளியே இருந்தவர்களுக்கு அந்தக் கதையில் வரியே இல்லை.

அந்த வரி புனேவில் கிடைக்கிறது. பல்வங்கர் பாலூ, சாம்பார் சாதியில் பிறந்த இடக்கைப் பந்துவீச்சாளர். மைதானத்தில் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டே பந்துவீசிப் பழகியவர். இந்துக்களின் அணிக்கு அவருடைய பந்துவீச்சு தேவைப்பட்டது. ஆனால் இடைவேளையில் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே, தூக்கி எறியும் மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். களத்தில் பந்தை எல்லோரும் தொட்டார்கள். பெவிலியனில் குவளையை யாரும் தொடவில்லை. நம் ஊர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். அப்படியும் இந்துக்களின் அணிக்குத் தலைமையேற்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. இளம் அம்பேத்கர் பெருமிதத்தோடு பார்த்த மனிதர் அவர். பின்னாளில், 1937 பம்பாய்த் தேர்தலில், இருவரும் எதிரெதிரே நின்றது வேறு வரலாறு.

இன்றைய அரங்கங்களில் சாதிப் பலகை எதுவும் கிடையாது. உறுப்பினர் கட்டணம், அடையாள அட்டை, பயிற்சி நேரம், காவலாளி ஆகியவை இருக்கின்றன. அன்று பெவிலியன் செய்த வேலையின் பெரும்பகுதியை இன்று இவை செய்துவிடுகின்றன.

1995: மெட்ராஸில் ஏழு நாடுகள்

நம் நகரம் முழு அளவில் ஏற்று நடத்திய பல்துறைப் பன்னாட்டுப் போட்டி, ஏழாவது தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டி. 1995 டிசம்பர் 18 முதல் 27 வரை நடந்தது. ஏழு நாடுகள் வந்தன. அப்போது ஊரின் பெயர் மெட்ராஸ். சென்னை என்று மாறியது அடுத்த ஆண்டு.

அந்தப் பத்து நாளின் தடம் இன்றும் நகரத்தில் இருக்கிறது. எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கம், நுங்கம்பாக்கத்தில் டென்னிஸ் அரங்கம், வேளச்சேரியில் நீச்சல் வளாகம், கோயம்பேட்டில் இன்றும் 'சாஃப் கேம்ஸ் வில்லேஜ்' என்றே அழைக்கப்படும் குடியிருப்பு. பெரியமேட்டில் இரண்டாண்டுக்கு முன்பு புதிதாக எழுப்பப்பட்டிருந்த நேரு விளையாட்டரங்கம் மையக்களம் ஆனது. இவற்றில் பல இன்றும் பயன்படுகின்றன. எழும்பூர் அரங்கில் 1996, 2005ஆம் ஆண்டுகளின் சாம்பியன்ஸ் கோப்பை முதல் 2023இன் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை வரை நடந்தன. கிரீஸில் 2004 ஒலிம்பிக்குக்குக் கட்டிய பல அரங்கங்கள் புதர் மண்டிக் கிடந்ததையும், 1976 ஒலிம்பிக் அரங்கின் கடனை மான்ட்ரியல் 2006 வரை முப்பது ஆண்டுகள் கட்டியதையும் நினைத்தால், நம் ஊர்க் கணக்கு அவ்வளவு மோசமில்லை. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

இனி அந்த இடங்களின் பழைய முகத்தைப் பாருங்கள். நேரு அரங்கம் நிற்பது பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரும் பூங்காவின் ஒரு பகுதியில். மெட்ராஸ் ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவெல்யனின் முயற்சியில், 1859-60 காலத்தில், நெருக்கமான கருப்பர் நகரத்து மக்கள் காற்று வாங்குவதற்காக உருவாக்கப்பட்ட நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பூங்கா அது. பிறகு மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, ரயில் நிலைய விரிவாக்கம், விளையாட்டரங்கம் என்று துண்டு துண்டாகப் போயிற்று. ஒவ்வொன்றும் பொதுக் காரியம்தான். ஆனால் கட்டணம் இல்லாமல், யாரிடமும் கேட்காமல் நுழையக்கூடிய நிலம், வாயிற்கதவு உள்ள நிலமாக மாறியது.

நுங்கம்பாக்கத்து டென்னிஸ் அரங்கம் இருக்கும் பகுதிக்குப் பெயரே 'லேக் ஏரியா'. மயிலாப்பூர்ப் பக்கம்வரை நீண்ட பெரிய ஏரி ஒன்று இங்கே இருந்தது. அதன் மாம்பலம் பகுதியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகர் பிறந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலை இருக்கிறது. ஏரி மட்டும் இல்லை. ஏரி போனால் வெள்ளம் வரும். அந்த வெள்ளம் முதலில் நுழைவது தாழ்ந்த இடத்துக் குடிசைக்குள். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் அதைக் கண்டோம்.

அந்த டென்னிஸ் அரங்கில் 1997 முதல் 2017 ஜனவரி வரை ஆண்டுதோறும் சென்னை ஓபன் நடந்தது. பிறகு அந்தப் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. 2022இல் பெண்களுக்கான போட்டி ஒன்று சென்னை ஓபன் என்ற பெயரில் வந்தது. போட்டி நடத்துபவர் எப்போது வேண்டுமானாலும் ஊர் மாறலாம். கட்டடத்தால் மாற முடியாது. அதைக் கழுவிப் பெருக்கிப் பாதுகாக்கும் செலவு ஊரின் தலையில்தான் இருக்கும்.

அதே வட்டாரத்தில் தி. நகர் சோமசுந்தரம் மைதானத்தை நினைத்துப் பாருங்கள். மாநகராட்சி மைதானம். கூரை கிடையாது, கட்டடக் கலைஞர் பெயர் கிடையாது. ஒரே நேரத்தில் பல கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நடக்கும். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு உள்ளே விடுகிற வழக்கம் இல்லை. ஒரு நகரத்தின் விளையாட்டுப் பண்பாடு இத்தகைய இடங்களில்தான் வளர்கிறது. ஆனால் பன்னாட்டுப் போட்டி வரும்போது பணம் இங்கே வருவதில்லை.

பூட்டிய மாடங்களும் பூசிய பாலமும்

2011 கிரிக்கெட் உலகக் கோப்பைக்காகச் சேப்பாக்கம் அரங்கம் மாற்றிக் கட்டப்பட்டது. லண்டனின் ஹாப்கின்ஸ் நிறுவனமும் சென்னையின் நடராஜ் அண்ட் வெங்கட் நிறுவனமும் வடிவமைத்தன. பார்வையை மறைத்த பழைய தூண்கள் போயின. கம்பிவடங்களால் இழுத்துக் கட்டிய வெண்திரைக் கூரைகள் வந்தன. மாடங்களுக்கு இடையே இடைவெளி விட்டுக் கடற்காற்று உள்ளே வர வழி செய்தார்கள். கட்டடக் கலையாகப் பார்த்தால் நல்ல வேலை. ஆனால் ஐ, ஜே, கே என்ற மூன்று மாடங்கள், ஏறத்தாழ 12,000 இருக்கைகள், கட்டட அனுமதி தொடர்பான வழக்கில் சிக்கி 2012 முதல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. ஆற்றங்கரையில் பட்டா இல்லாத குடிசை ஒன்றுக்கு இதே சிக்கல் வந்தால் என்ன ஆகும்? குடிசையை இடித்துவிடுவார்கள். சேப்பாக்கத்தில் இடிக்கவில்லை, பூட்டினார்கள். வழக்கு முடியும்வரை காத்திருந்தார்கள். காத்திருக்கும் உரிமையும் நகரத்தில் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

அண்மைக் காலத்தில் வேறொரு வகை நிகழ்வு வந்திருக்கிறது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்தன.  ஒரு நட்சத்திர விடுதியில் ஆட்டம் நடந்தது. சென்னையில் நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம்போலக் கறுப்பு வெள்ளை பூசினார்கள். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி, அண்ணா சாலையின் ஒரு பகுதியையும் சிவானந்தா சாலையையும் உட்படுத்தி, சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளத்தில் ஃபார்முலா 4 கார்ப்பந்தயம் இரவில் ஓடியது. இங்கே கட்டடம் இல்லை. நகரமே சில நாட்களுக்கு அரங்கம் ஆகிறது.

தீவுத்திடலுக்கு அருகே, கூவம் கரையில், சத்தியவாணிமுத்து நகர் என்ற குடியிருப்பு இருந்தது. தமிழகத்தில் அமைச்சராகவும் பின்னர் ஒன்றிய அமைச்சராகவும் இருந்த தலித் தலைவர் சத்தியவாணிமுத்துவின் பெயர் கொண்டது. 2019 டிசம்பரில் அங்கிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். கார்ப்பந்தயத்துக்காக அவர்களை அகற்றவில்லை. கூவம் சீரமைப்பு என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். இதை நாம் துல்லியமாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எதிர்த்தரப்பு அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு மற்ற உண்மைகளையும் தள்ளிவிடும். சென்னையில் வெளியேற்றத்துக்கு நதிச் சீரமைப்பு, வெள்ளத் தடுப்பு, பறக்கும் ரயில் என்று வேறு பெயர்கள் உண்டு. விளையாட்டு விழா வரும் நேரத்தில் நகரத்தின் மையம் ஏற்கெனவே காலியாகியிருக்கிறது. விழா நடத்துபவரின் கையில் அழுக்குப் படுவதில்லை.

ஒன்பது ரூபாய் இருபத்தைந்து காசு

இனி டில்லிக்குப் போவோம். இந்தியாவில் பன்னாட்டு விளையாட்டுப் போட்டி விட்டுச்சென்ற மிக உறுதியான இரண்டு பொருள்கள் அங்கேதான் உருவாயின. இரண்டும் கட்டடங்கள் அல்ல.

முதலாவது, 1982 ஆசியப் போட்டி. அதற்காக நேரு அரங்கம், மேம்பாலங்கள், ராஜ் ரேவால் வடிவமைத்த வீரர்கள் குடியிருப்பு எல்லாம் எழுந்தன. ராஜஸ்தானின் பழைய ஊர்களில் உள்ளதுபோல் குறுகிய தெருக்களும் நுழைவாயில்களும் முற்றங்களுமாக அமைந்த அந்தக் குடியிருப்பைக் கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். படிக்க வேண்டியதுதான். அதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு பாடமும் உண்டு.

அந்தப் போட்டிக்கான கட்டுமானங்களில் வேலை செய்தவர்களில் பலர் ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், ஒரிசாவிலிருந்து ஜமேதார்கள் எனப்படும் ஆள்பிடிப்பவர்களால் கூட்டிவரப்பட்டவர்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 9.25 ரூபாய். அதில் ஜமேதார் ஒரு ரூபாயை எடுத்துக்கொள்வார். கைக்கு வந்தது 8.25. பெண்களுக்கு 7 ரூபாய். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் இதை விசாரித்து உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதியது. அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1982 செப்டம்பர் 18 அன்று, போட்டி தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது, நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது.

அரசியலமைப்பின் பிரிவு 23 கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. கையைக் காலைக் கட்டி வேலை வாங்குவது மட்டுமா கட்டாய உழைப்பு? பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியில்லாமல் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்யத் தள்ளினால், அதுவும் கட்டாய உழைப்பே என்றது தீர்ப்பு. பிரிவு 17, 23, 24 ஆகியவை அரசுக்கு எதிராக மட்டுமல்ல, தனியாருக்கு எதிராகவும் செல்லும் என்றது. ஒப்பந்தக்காரர் செய்த தவறு என்று அரசு கைகழுவ முடியாது என்றது. பிரிவு 17 தீண்டாமை ஒழிப்பு என்பதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தீர்ப்பின் சிந்தனைக்கு வேர் எங்கே இருக்கிறது? 1947இல் வெளியான 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் பாபாசாகேப் இதே கேள்வியை எழுப்பியிருந்தார். வேலையில்லாமல் பட்டினி கிடப்பவரிடம் ஒரு வேலையைக் காட்டி, உன் உரிமைகளை விட்டுவிடு என்றால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது அவர் வாதத்தின் சாரம். பசிக்கும் மனிதரின் சம்மதம் சம்மதம் ஆகாது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஒரு விளையாட்டரங்கத்தின் செங்கல் சுமந்தவர்களின் கூலி வழக்கில் அது சட்டமாகப் பேசியது. 1982 போட்டியின் பதக்கப் பட்டியல் இன்று நமக்கு நினைவில் இல்லை. தீர்ப்பு நிற்கிறது.

நம் பணத்தில் நடந்த விழா

இரண்டாவது, 2010 காமன்வெல்த் போட்டி. அதன் ஊழலைப் பற்றி நாடே பேசியது. நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு பகுதியை நாடு விரைவில் மறந்துவிட்டது.

பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப, திட்டச் செலவில் ஒரு பங்கை அவர்களுடைய முன்னேற்றத்துக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது சிறப்புக் கூறுத் திட்டம். 1979-80இல் தொடங்கியது. கல்வி உதவித்தொகை, வீடு, குடிநீர், தொழில் ஆகியவற்றுக்கான பணம் அது. வீட்டுவசதி, நில உரிமைகளுக்காகச் செயல்படும் எச்.எல்.ஆர்.என். என்ற டில்லி அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆவணங்களைப் பெற்று ஆராய்ந்தபோது, டில்லி அரசு இந்தத் தலைப்பிலிருந்து நூற்றுக்கணக்கான கோடி ரூபாயைக் காமன்வெல்த் போட்டி வேலைகளுக்குத் திருப்பியிருந்தது தெரியவந்தது. தலித் அமைப்புகள் தெருவில் இறங்கின. 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், 670 கோடி ரூபாய்க்கும் மேல் இப்படித் திருப்பப்பட்டதாகத் தெரிகிறது என்றும் அது தவறு என்றும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

எப்படித் திருப்பினார்கள்? கள்ளக் கையெழுத்துப் போடவில்லை; பெட்டியை உடைக்கவில்லை. சாலை, பூங்கா, அரங்கம் எல்லாம் பொதுச் சொத்து. பொதுமக்களில் தலித்துகளும் உண்டு. ஆகவே ஒரு பங்கு தலித் நலச் செலவு. இவ்வளவுதான் கணக்கு. அரங்கத்தின் வாசலில் நம்மை எண்ணாதவர்கள் செலவுக் கணக்கில் மட்டும் நம்மை எண்ணிக்கொண்டார்கள்.

இந்த அம்பலப்படுத்தல் வீணாகவில்லை. துணைத்திட்ட நிதிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற இயக்கம் வலுப்பட்டது. 2013இல் ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் சட்டங்கள் வந்தன. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 20 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் தமிழ்நாட்டில், நீண்ட காலக் கோரிக்கைக்குப் பிறகு, 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் நிறைவேறியது.

வரைபடத்தைக் கையில் எடுத்தவர்கள்

நிலத்தின் கதை உலகம் முழுவதும் ஒரே மாதிரி இருக்கிறது. ஜெனீவாவிலிருந்து இயங்கிய வீட்டு உரிமை மையம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 1988 சியோல் ஒலிம்பிக்கையொட்டி 7,20,000 பேர் வெளியேற்றப்பட்டதாகச் சொன்னது. 2020இல் அமெரிக்க அதிபர் அகமதாபாத்தின் மொட்டேரா அரங்குக்கு வந்தபோது, வழியில் இருந்த குடிசைப் பகுதிக்கு முன்னால் மதில் எழுப்பினார்கள். அது விளையாட்டு விழா அல்ல. ஆனால் 2030 போட்டி நடக்கப்போவது அதே நகரத்தில்.

எதிர்த்து நின்ற கதையும் உண்டு. பிரேசிலின் ரியோவில் 2016 ஒலிம்பிக் பூங்காவை ஒட்டி விலா ஆட்டோட்ரோமோ என்ற மீனவ, உழைக்கும் மக்களின் குடியிருப்பு இருந்தது. சுமார் 600 குடும்பங்கள். இடிக்கப்போகிறோம் என்றதும் அவர்கள் வெறுமனே மறுக்கவில்லை. இரண்டு பொதுப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, இருக்கும் இடத்திலேயே குடியிருப்பை மேம்படுத்தும் மக்கள் திட்டம் ஒன்றை வரைந்தார்கள். இடம் மாற்றுவதைவிட அதற்குச் செலவு குறைவு என்று கணக்குக் காட்டினார்கள். 2013இல் அந்தத் திட்டத்துக்குப் பன்னாட்டு நகரியல் விருது கிடைத்தது. ஆயினும் கடைசியில் 20 குடும்பங்கள்தான் அதே இடத்தில் புது வீடு பெற்றுத் தங்க முடிந்தது. தோல்வி என்றும் சொல்லலாம். ஆனால் உலகத்தின் மிகப் பெரிய விளையாட்டு விழா அந்த 20 வீடுகளைச் சுற்றித்தான் நடந்தது. இங்கே கட்டடக்கலை, பொறியியல், சட்டம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் படிப்பு எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

நம் ஊரில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவதுதான் அதன் முதன்மை வழி. மயிலாப்பூர், மந்தைவெளி, பட்டினப்பாக்கம் பக்கமெல்லாம் அந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. 2000ஆம் ஆண்டு கண்ணகி நகர் வந்ததிலிருந்து வழி மாறியது. அங்கே மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரத்தின் நடுவிலிருந்து அள்ளி, நகரத்தின் விளிம்பில், சதுப்புநிலத்தின் ஓரத்தில் கொட்டினார்கள்.

அந்தக் கண்ணகி நகரிலிருந்து ஒரு பெண் 2025 அக்டோபரில் பஹ்ரைன் சென்று, ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணியின் துணைத்தலைவராகத் தங்கம் வென்றுவந்தார். ஊரே கொண்டாடியது. அரசு பரிசளித்தது. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அவரை உருவாக்கியது 1995இல் கட்டிய அரங்கம் எதுவும் அல்ல. ஒரு பயிற்சியாளரின் உழைப்பும், வசதிகள் குறைந்த ஒரு களமும், விட்டுக்கொடுக்காத பிள்ளைகளும்தான். கபடிக்கு வெண்திரைக் கூரை தேவையில்லை. தரை வேண்டும், விளக்கு வேண்டும், பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஓர் அறை வேண்டும், ஆண்டு முழுவதும் ஊதியம் பெறும் பயிற்சியாளர் வேண்டும்.

செம்மஞ்சேரிக்கு நான்கு தாள்கள்

இப்போது விளையாட்டு நகரம் வரப்போவதும் அந்தப் பக்கமே. மறுகுடியமர்த்தப்பட்ட மக்களுக்கு அருகில் விளையாட்டு வசதி வருவது நல்லதாகவும் முடியலாம். முடியாமலும் போகலாம். எப்படி முடியும் என்பதைக் கட்டடத்தின் அழகு தீர்மானிக்காது. நான்கு தாள்கள் தீர்மானிக்கும். நான்கையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

முதல் தாள், பணம். எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து செலவாகிறது? அதில் ஆதிதிராவிடர் துணைத்திட்டப் பங்கு என்று ஏதாவது காட்டப்படுகிறதா? காட்டினால், நம் மக்களுக்கென்றே தனியாகக் கிடைக்கும் பயன் என்ன? 2024 சட்டம் கையில் இருக்கும்போது இதைக் கேட்காமல் விட்டால் குற்றம் நம்முடையது.

இரண்டாவது தாள், கூலிப் பதிவேடு. இன்று சென்னையில் கம்பி கட்டிக் காங்கிரீட் போடுகிறவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். அவர்களில் நம் சாதிச் சகோதரர்கள் எத்தனை பேர் என்று நாம் விசாரிப்பதுகூட இல்லை. 2025 நவம்பரில் பழைய தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனால் பிரிவு 23 இருந்த இடத்தில் இருக்கிறது. 1982 தீர்ப்பும் இருக்கிறது.

மூன்றாவது தாள், நில ஆவணம். சர்வே எண் என்ன? பழைய வருவாய்க் கணக்கில் அது ஏரியா, வாய்க்காலா, மேய்ச்சல் புறம்போக்கா? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகும் நீர் எந்த வழியாகப் போகும்? செம்மஞ்சேரி மக்கள் ஏற்கெனவே ஒவ்வொரு பெருமழையிலும் இடுப்பளவு நீரில் நிற்கிறார்கள். அங்கே மேலும் நிலத்தை உயர்த்திக் கட்டினால், உயரும் நீர் யார் வீட்டுக்குள் போகும் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

நான்காவது தாள், சாவி. கட்டி முடித்த பிறகு யார் நடத்துவது? கட்டணம் எவ்வளவு? மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி மாணவர்களுக்கு எந்த நாள், எந்த நேரம் கட்டணமில்லாமல் திறந்திருக்கும்? செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், கண்ணகி நகர் இளைஞர்களுக்கு அங்கே வேலை உண்டா? துப்புரவு வேலையைத் தவிர வேறு வேலை? இவையெல்லாம் அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே அரசாணையில் எழுதப்பட வேண்டும். திறந்த பிறகு கேட்டால் கிடைக்கிற பதில், 'பராமரிப்புச் செலவு அதிகம்' என்பதாகத்தான் இருக்கும்.

முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. 1992 ஒலிம்பிக்கை நடத்திய பார்சிலோனா, தொழிற்சாலைகளும் ரயில் பாதையும் மறைத்திருந்த தன் கடற்கரையை அந்தச் சாக்கில் மக்களுக்குத் திறந்துவிட்டது. குறைகள் அங்கும் உண்டு. பின்னாளில் வாடகை ஏறி ஏழைகள் நகர வேண்டி வந்தது. ஆனாலும் டிக்கெட் வாங்காமல் போகக்கூடிய ஓர் இடம் அந்த நகரத்துக்கு மிஞ்சியது. சென்னைக்கும் அப்படி மிஞ்ச வேண்டும்.

எனவே இந்தக் கூட்டம் முடிந்ததும் ஒரு வேலை இருக்கிறது. செயற்பாட்டாளர்கள் இருவர், சட்ட மாணவர் ஒருவர், கட்டடக்கலை மாணவர் ஒருவர், செம்மஞ்சேரியில் வாழ்பவர்கள் மூவர் என்று ஒரு குழு அமைத்தால் போதும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் நான்கு மனுக்கள். பதில் வந்ததும் அவற்றைத் தமிழில் எளிமையாக எழுதி, செம்மஞ்சேரித் தெருக்களில் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த ஆண்டு இதே நினைவுநாளில், சொற்பொழிவுக்குப் பதிலாக அந்தப் பதில்களை இங்கே படிக்கலாம்.

ஜெய்பீம்.